வர்ற வழியில் எடுத்த விறகு

என் அக்கா முத்துலெட்சுமிக்கு, இன்னும் கோபம் ஆறாத அன்புடன்,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. பன்வில பஸ் இன்னும் நேரத்துக்கு வருவதில்லை. உங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கூரை மாற்றித் தருவதாகச் சொன்னவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே நீ பெரிதாக எதையும் தவறவிடவில்லை.

வாரநாளில் கண்டியில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, சனி ஞாயிறில் பல்கலைக்கழகத்தில் போய் உட்காருகிறேன். பாடத்தின் பெயர் சக்தி, கனிய வள, சுற்றாடல் பொருளியல். முதன்முதலில் சொன்னபோது நீ கேட்டது நினைவிருக்கிறதா?

"கரண்டு வேலையாடா? அப்ப லயத்துல ஃபியூஸ் போனா நீயே வந்து போட்டுருவ."

இல்லை என்றேன். "பிறகு எதுக்கு?" என்றாய். அந்தக் கேள்விக்கு விரிவுரை மண்டபத்தில் இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

முதல் பருவத்தில் காரீயமும் நிலக்கரியும். பூமிக்குள் இருப்பதை எந்த வேகத்தில் தோண்டினால் நமக்கும் மிஞ்சும், பேரப்பிள்ளைகளுக்கும் மிஞ்சும் என்று கணக்குப் போட்டோம். இரண்டாம் பருவத்தில் விலையில்லாதவற்றுக்கு விலை வைக்கக் கற்றோம். காட்டில் எங்கோ ஒரு பறவை இருக்கிறது என்று கொழும்பில் ஒருவர் நினைத்து நிம்மதியாகத் தூங்கினால், அந்த நிம்மதிக்கும் விலை உண்டு. பறவையை அவர் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. நான் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

பிறகு ஆய்வு. தோட்ட வீடுகளில் விறகுக்குச் செலவாகும் நேரம் என்பது என் தலைப்பு. கையில் அச்சடித்த படிவங்களோடு உன் வீட்டுக்குத்தான் முதலில் வந்தேன். கேள்வியை எழுதியிருக்கிறபடியே வாசிக்க வேண்டும் என்பது விதி.

"விறகு சேகரிப்பதற்கு நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலம் செலவிடுகிறீர்கள்?"

"என்னடா, நியூஸ் வாசிக்கிற மாதிரி கேக்குற?" என்று சிரித்தாய். பிறகு சொன்னாய்: "அதுக்குன்னு யாரு தனியா போறா? மலையில இருந்து வர்ற வழியில எடுத்துக்கிட்டு வர்றதுதானே."

நான் பூச்சியம் என்று எழுதினேன்.

வாசலில் நின்ற பெண்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வீட்டில் படிவத்தை விரித்ததும், "அக்கா சொன்ன மாதிரியே போட்டுக்கங்க தம்பி" என்றார்கள். அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. பரீட்சையில் கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்து எழுதுவதுபோல ஒரு லயம் முழுக்க உன்னைப் பார்த்து எழுதியது. பிள்ளைகள் அப்படி எழுதினால் நான் பிடித்துவிடுவேன். இதைப் பிடிக்கவில்லை. ஒரே மாதிரியான பதில்கள் வந்தால் ஆய்வு நம்பகமானது என்று எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள்.

அடுத்த மாதம் மழை பெய்த ஒரு பின்னேரம், விறகுக் கட்டோடு மேல்மலைச் சரிவில் வழுக்கி விழுந்தாய். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாய். நேரமே எடுக்காத ஒரு வேலைக்குப் போய்த்தான் நீ திரும்பி வரவில்லை.

உன் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு, உன் கூட்டாளி செல்வமணியக்காவோடு அந்தப் பாதையில் நடந்தேன். கொழுந்து நிறுக்கிற இடத்திலிருந்து லயம் கீழே, பத்து நிமிட நடை. விறகு மேலே, எதிர்ப்பக்கம். நீ சொன்ன 'வர்ற வழி' எந்த வீட்டுக்கும் வருகிற வழியில்லை.

கவாத்து வெட்டிய மிலாறு கிடைக்கிற காலம் முடிந்துவிட்டது, அதனால்தான் மேலே ஏறவேண்டும் என்றார். தேயிலைச் செடியில் வெட்டிய அந்தக் குச்சிகளை உன் முதுகில் பார்த்தே வளர்ந்தவனுக்கு, அது தீர்ந்த மாதங்களில் அடுப்பு எதில் எரிந்தது என்று கேட்கத் தோன்றியதில்லை.

நானும் ஒரு கட்டைத் தூக்கினேன். பின்னால் வந்த பெண்களுக்குக் கொண்டாட்டம்.

"சார், சும்மாடு வைக்காம தூக்கினா மண்டை உள்ள போயிரும்."

"பாவம், யுனிவர்சிட்டியில அதெல்லாம் சொல்லிக்குடுக்கலபோல."

இறங்கி வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றேமுக்கால் மணித்தியாலம். நான் இரண்டு தடவை கட்டை இறக்கி வைத்ததையும் சேர்த்துத்தான்.

"ஏன்க்கா அவ அப்படிச் சொன்னா?" என்று கேட்டேன்.

செல்வமணியக்கா தன் கட்டை இறக்கிச் சுவரில் சாய்த்தார். "நேரம் போகுதுன்னு சொன்னா, தம்பி படிப்பை நிப்பாட்டிட்டு கேஸ் அடுப்பு வாங்கித் தர்றேன்னு நிப்பான்னு சொன்னா. உங்களுக்குத்தான் தெரியுமே அவளை."

தெரியுமா? சின்ன வயதில் பின்னேரங்களில் லாம்புக்குப் பக்கத்தில் எனக்கு மட்டும் மேசை இருந்தது. நீ இருட்டிய பிறகு வருவாய். அந்த ஒன்றேமுக்கால் மணித்தியாலத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? படித்துக்கொண்டிருந்தேன். ஒரே நேரத்துக்கு இரண்டு பெயர். ஒன்றுக்குச் சான்றிதழ் தந்தார்கள்.

என் ஆய்வு மேற்பார்வையாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரி, நல்ல மனுசி. படிவத்தைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"செத்த ஆளிட்டத் திரும்பக் கேக்கேலாது தம்பி. நீங்கள் நடந்து பாத்ததை இதில எழுதவும் ஏலாது. ஒண்டில் அப்பிடியே விடுங்கோ, இல்லாட்டி அந்த லயம் முழுக்கத் திரும்பச் செய்யோணும்."

"திரும்பச் செய்தால், மேடம்?"

"பட்டம் ஒரு வருசம் பிந்தும். வேற என்ன." கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "அப்பிடியே விட்டா ஒருத்தரும் கேக்க மாட்டினம்" என்றார். அது அறிவுரையா, எச்சரிக்கையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

களைத்துப்போய்விட்டேன் அக்கா. அடுத்த மாதம் கறுப்பு அங்கி போட்டுப் படம் எடுத்து, உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று ஒரு வாரம் முழுக்க நினைத்தேன். அந்த நிம்மதிக்கும் ஒரு விலை இருக்கிறது என்று படித்துத் தொலைத்திருக்கிறேனே.

திரும்பச் செய்கிறேன். இந்த முறை வாசலில் நின்று கேட்கமாட்டேன். ஒவ்வொருவரோடும் மேலே ஏறி இறங்குவேன். சும்மாடு கட்டவும் பழகிவிட்டேன், நம்பு.

உன் படிவத்தைக் கிழிக்கவில்லை. பூச்சியத்தையும் அழிக்கவில்லை. 'பதிலளித்தவர்' என்ற இடத்தில் உன் பெயரை மட்டும் வெட்டிவிட்டு என் பெயரை எழுதியிருக்கிறேன்.

நீ மூட்டிய அடுப்பில் சூடு ஆறாமல் தின்று வளர்ந்த,
உன் தம்பி