முப்பத்தெட்டு புள்ளி ஆறு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் எழுதிக்கொள்வது. சித்தியும் கைக்குழந்தையும் தேறி வருவதாக நீ எழுதியதில் நிம்மதி. தம்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறான். நான்தான் சரியில்லை. பூகோளப் படம் வரைவதாகச் சொல்லிவிட்டு, விளக்கைத் தணித்து வைத்து இதை எழுதுகிறேன். அடுத்த அறையில் அப்பா புரண்டு படுக்கும் சத்தம் கேட்கிறது.

உதவியாளர் மாமா கால் பிசகி ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மாதம் வரவில்லை. அதனால் பள்ளிக்கு முன்னும் பின்னும் நான் அப்பாவோடு போனேன். பேன் பரப்பும் டைபஸ் காய்ச்சலின் கிருமியை ஒரு கினிப்பன்றியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி மூன்று வருஷமாக அவர் உயிரோடு வைத்திருப்பது உனக்குத் தெரியும். இப்படியே போனால் ஒரு நாள் அதன் முரட்டுத்தனம் அடங்கும், அதையே தடுப்பூசியாகப் போடலாம் என்பது அவர் நம்பிக்கை. மாமாவோ, "கிருமி மாறுதோ இல்லையோ, நாம மாறிட்டோம் சார். கண்ணாடில மூஞ்சியப் பாருங்க" என்பார்.

அப்பா விலங்கைப் பிடித்துக்கொள்வார், நான் வெப்பமானியைப் படித்துச் சொல்வேன். நுண்ணோக்கியிலேயே கிடந்து கிடந்து அவருக்கு அந்தச் சின்னக் கோடுகள் தெரிவதில்லை. காய்ச்சல் நாற்பது டிகிரியைத் தாண்டினால் விலங்கைக் கொன்று, மூளையை எடுத்து அடுத்ததற்குச் செலுத்த வேண்டும். நாற்பத்தோராவது மாற்றத்துக்கு இரண்டு கினிப்பன்றிகள் வந்தன. ஒன்றுக்குக் காதோரம் வெள்ளை. ஒன்பதாம் நாள் இரண்டுக்கும் நாற்பதுக்கு மேல் காட்டியது. அவை சாகக் கூடாதென்று, காய்ச்சலில்லாதபோது இருக்கும் சூட்டை, முப்பத்தெட்டு புள்ளி ஆறு என்றேன். அப்பா எழுதிக்கொண்டார். ஒரு முறை சொன்ன பிறகு மறுநாள் வேறு சொல்ல முடியவில்லை. ஆறு நாள், காலையும் மாலையும், அதை ஒட்டியே சொன்னேன். பிறகு இரண்டும் தாமாகவே தேறிவிட்டன.

அதோடு முடிந்தது என்றிருந்தேன். அப்பா அவற்றுக்கு வார்டு நோயாளியின் புது ரத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். இந்த முறை நான் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே காய்ச்சல் வரவில்லை. ஒரு தடவை வந்து பிழைத்ததற்கு மறுபடி வராது என்று மாமா முன்பே சொல்லியிருக்கிறார். ஆனால் முதல் தடவை வந்ததே அப்பாவுக்குத் தெரியாதே. காய்ச்சல் தராமலே காப்பாற்றுகிறது, கிருமி மாறிவிட்டது என்று நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். இன்னொரு முறை பார்த்துவிடலாமே என்று பெரிய டாக்டர் கேட்டதற்கு, "வார்டுல பாய் விரிக்க இடமில்ல சார், நேரம் எங்க இருக்கு" என்றாராம்.

அந்த இரண்டுக்கும் செலுத்தியதில் மீந்த கிருமியை உறையவைத்திருக்கிறார். புதன்கிழமை காலை அதைத் தன் கையிலேயே போட்டுக்கொள்ளப் போகிறார். அடுத்தது வார்டு நர்ஸ்களுக்கு. அது இன்னும் அடங்காத கிருமி என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். "அம்மாவுக்கு எழுதாத, முடிஞ்சப்புறம் நானே சொல்லிக்கிறேன்" என்று என்னிடம் சொன்னார்.

மூன்று முறை வாயெடுத்தேன். முதல் முறை, தம்பிக்குத் தலை வாரிக்கொண்டே, "உன் பேனுக்கெல்லாம் இனிமே வேலை போச்சுடா" என்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. இரண்டாம் முறை செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். மூன்றாம் முறை என்னம்மா என்று கேட்டார். கணக்கில் சந்தேகம் என்று சொல்லிவிட்டேன். அந்த அசதியிலும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

அவரைத் தடுக்கச் சொல்லித்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். இன்று திங்கள். இது வியாழக்கிழமைதான் உன் கைக்கு வரும். பாதி எழுதிய பிறகுதான் எனக்கு இது உறைத்தது. இங்கே நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

நாளைக் காலை அவர் முகம் கழுவி வந்ததும் சொல்லிவிடுவேன். திட்டமாட்டார் என்பதுதான் பயமாக இருக்கிறது. கொஞ்ச நேரம் என்னைப் பார்ப்பார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, மறுபடி தொடங்கத் தனியாகக் கிளம்பிப் போவார். என்னைக் கூப்பிடமாட்டார்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது அம்மா. அவருக்கு எழுதும்போது மட்டும் இதைப் பற்றி ஒன்றும் கேட்காதே. வேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று கேள், போதும்.

இப்படிக்கு,
உன் மகள்