இடுப்புக்குச் சொன்ன சாட்சி

2024 மே 13, திங்கள்

முதலாளி சுப்புராஜ் புது கார் எடுத்துவிட்டார். மில் வாசலில் பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நான்தான் முதலில் நகர்த்தினேன். டிரைவர் சீட்டின் பக்கவாட்டில் ஒரு பட்டன். லம்பர் சப்போர்ட்டாம். அழுத்தினால் இடுப்புக்குப் பின்னால் மெத்தை மெல்லப் பொங்கி வருகிறது, வேண்டிய அளவில் நிறுத்திக்கொள்ளலாம். பின் சீட்டில் இது இல்லை. இருபத்திரண்டு வருட வேலையில், முதலாளிக்கு இல்லாத ஒன்று எனக்கு இருப்பது இதுதான் முதல் தடவை.

மே 18, சனி

மதுரை போய்த் திரும்பினேன். கதவைப் பிடிக்காமல் இறங்கினேன்! நாலு வருடமாக இடுப்புக்குத் துண்டைச் சுருட்டி வைத்து ஓட்டியவன். டிஸ்க் விலகியிருப்பது எனக்கும் என் வீட்டுக்காரி அக்சாவுக்கும் டாக்டருக்கும்தான் தெரியும். முதுகு போன டிரைவரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்?

ஜூன் 2, ஞாயிறு

ஆராதனையில் சாட்சி நேரம். கர்த்தர் செய்த நன்மையைச் சொல்ல விரும்புகிறவர்கள் எழும்பலாம் என்றார் போதகர். நினைப்பதற்குள் எழுந்துவிட்டேன். டிஸ்க், காலில் இறங்கும் வலி, போன வருடம் பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில் பிரேக்கில் இருந்த கால் மரத்துப்போனது, இப்போது இந்த சீட் — ஒன்றுவிடாமல் சொன்னேன். சபையே அல்லேலூயா என்றது.

வீட்டுக்கு வந்ததும் அக்சா, "கர்த்தருக்குத் தெரிஞ்சா போதாதா? ஊருக்கே சொல்லணுமாக்கும்?" என்றாள். நன்றி சொல்வதைக்கூட ஒளித்துச் செய்ய வேண்டுமா என்று அவளிடம் சண்டை போட்டேன்.

ஜூன் 3

மில்லில் டைம் ஆபீஸ் பார்க்கும் ஞானரத்தினம் சார் நேற்று எனக்குப் பின் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 5, புதன்

முதலாளி கூப்பிட்டார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் காலைப் பிடித்தாவது சமாளித்திருப்பேன். நம்ம வேதசிரோமணி பெரிய சாட்சி சொன்னார் என்று ஞானரத்தினம் சார் சந்தோஷமாகத்தான் சொல்லியிருக்கிறார்.

"பிரேக்குல கால் மரத்துச்சாமே. அன்னைக்குப் பின்னால யாரு இருந்தா?"

முதலாளியின் மனைவி கல்பனா அம்மாவும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும். மூன்று நாளைக்கு முன்னால் சபையில் எழுந்து நின்ற வாய்க்குப் பொய் வரவில்லை. சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். இப்போது வலியே இல்லை, அந்த சீட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று கெஞ்சினேன். அப்படி என்ன சீட் என்று எழுந்து வந்தார்.

என் இடத்தில் அவரை உட்கார வைத்தேன். இடுப்புக்குப் பின்னால் கைவிட்டு எங்கே இடைவெளி இருக்கிறது என்று பார்த்து, நானே பட்டனை அழுத்திச் சரிசெய்தேன். அவருக்கும் பல வருட முதுகுவலி. கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏம்ப்பா, இம்புட்டு நாளும் இத நீ மட்டுமா அனுபவிச்ச?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன். எதுக்குடா சிரிச்ச? வெட்கங்கெட்டவனே. சாவியைக் கேட்டார், கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 14, வெள்ளி

முதலாளியே ஓட்டுகிறார். பஞ்சு மார்க்கெட் பக்கம் பார்த்தேன். மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து ஹாரன் அடித்தார்.

வாட்ச்மேன் வேலை தருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். அக்சா திமிர் என்கிறாள். ஆமா, திமிருதான். இருபத்திரண்டு வருஷம் ஒரு கீறல் விழாம ஓட்டினவன் நான். எனக்குக் கேட்டுல பிளாஸ்டிக் சேரா?

ஜூன் 16, ஞாயிறு

ஞானரத்தினம் சார் சர்ச் வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். மன்னிக்கவில்லை.

ஜூன் 25

ராஜபாளையத்தில் நாலு இடம் கேட்டாயிற்று. நாலு பேருக்கும் என் முதுகைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. இனி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பார்க்க வேண்டியதுதான்.

ஜூலை 1, திங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மாதவி என்று ஒரு அம்மா வேன் வைத்திருக்கிறார், அதற்கு டிரைவர் தேடுகிறார். பழைய வேன். டிரைவர் சீட் வெறும் பலகை, முன்னே பின்னே நகர்த்தக்கூட முடியாது. அக்சாவும் கூட வந்திருந்தாள். அந்த அம்மா லைசென்ஸைப் புரட்டிப் பார்த்தார். வருடக்கணக்கைக் கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். கடைசியாக ஒன்று கேட்டார்.

"உடம்புக்கு ஏதும் உண்டா அண்ணாச்சி?"

"ஒண்ணும் இல்லம்மா."

கொஞ்சமும் தடுமாறாமல் வந்தது. அக்சா என்னைப் பார்க்கவே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸிலும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நாளையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்கூல் வேன். ஏழு மணிக்குச் செண்பகத்தோப்பு ரோட்டில் முதல் பிள்ளை ஏறும். மொத்தம் இருபத்துமூன்று பிள்ளைகள்.