நாலு மணிக்கு விழிக்கும் நாயகன்

12.8.1979, ஞாயிறு

கால நாயகனின் பிறப்பை இன்று மாற்றச் சொன்னேன். ஒன்பது வருடமாக நான் அச்சிட்டு விற்கும் தொடர்கதையில், எந்த நூற்றாண்டுக்குப் போனாலும் அவன் விடியற்காலை நாலு மணிக்கு விழித்துவிடுவான். காரணத்தை இப்போதுதான் எழுதிக் கொண்டுவந்தார் எழுத்தாளர் முத்தையா. சுங்காய் ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவனாம். வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் இருட்டோடு நின்று பேர் கொடுத்த பழக்கமாம்.

"பால்மரம் சீவுனவன்னா யாரு வாங்குவா? சோழ இளவரசன்னு போடுங்க லா," என்றேன்.

"நீங்க எத்தன மணிக்கு எந்திரிக்கிறீங்க, அண்ணே?"

நாலு மணிக்குத்தான். நானும் பெரட்டில் நின்றவன்; அதை விட்டு இருபது வருடமாகியும் அப்படித்தான். சோழ இளவரசன் என்று மேலே எழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

கடைசியில் ஒத்துக்கொண்டார். நாயகன் இளவரசன்தான். ஆனால் அட்டையில் இனி தன் பேர் இருக்கக் கூடாது என்றார்.