உளவாளியின் மனுசி கேட்காத கேள்வி

என்ர அன்பான மனுசிக்கு,

கலியாணம் கட்டின நாள் தொட்டு நாங்கள் ஒண்டாய்ப் பார்த்துவாற அந்த உளவாளிப் படத்தின் ஏழாம் பாகத்தை, வவுனியாவுக்குக் கடைச் சாமான் எடுக்கப் போன இடத்திலை தனியப் பார்த்திட்டன். படம் சரியில்லை. போன் எடுத்தால் வெட்டுறீர், அதனாலைதான் கடதாசி.

கார் பறக்குது, பாலம் உடையுது, எல்லாம் பழசு. உளவாளி இந்த முறையும் மனுசிக்கு ஒண்டும் சொல்லாமல் வெளிக்கிட்டு, கடைசியிலை வந்து "உன்ர நன்மைக்குத்தான் மறைச்சனான்" எண்டுறார். அவளும் உடன கட்டிப்பிடிக்கிறாள். எனக்கு விசர் வந்திட்டுது. நீர் பக்கத்திலை இருந்திருந்தால், "ஏனப்பா, இவளுக்கு வாயில்லையோ?" எண்டு பின் கதிரைக்கும் கேட்கக் கத்தியிருப்பீர். இடைவேளையிலை பழக்கத்திலை இரண்டு சுருள் கடலை வாங்கிப்போட்டன். உம்மட சுருள் இன்னும் லொறியிலை கிடக்கு.

திரும்பி வரேக்கைதான் உறைச்சது. ஸ்கந்தபுரத்திலை உம்மட சீதன வயலை உம்மைக் கேளாமல் குத்தகைக்குக் குடுத்திட்டு, நானும் அதே வசனத்தைத்தான் சொன்னனான். நீர் கட்டிப்பிடிக்கேல்லை, கோவிச்சுக்கொண்டு உம்மட அண்ணர் வீட்டுக்குப் போனீர். நீர் செய்ததுதான் சரி.

நேற்றுக் குத்தகைக்காரரிட்டைப் போய், உம்மைக் கேளாமல் குடுத்ததைச் சொன்னன்.

"அக்காவுக்குத் தெரியாதோ? அண்ணை, என்னையுமெல்லோ மாட்டிவிட்டியள்!" எண்டு தலையிலை கைவைச்சார்.

பழைய குத்தகை எழுத்தைக் கிழிச்சாச்சு. அவர் ஒத்துக்கொண்டது இதுதான்: நீர் ஓம் எண்டு கையெழுத்து வைச்சால் மட்டும் உழுவார்; ஏக்கருக்குப் போகத்துக்கு எட்டு மூடை நெல், அதுவும் உம்மட கையிலை.

உம்மட கடைக்காரன்