உன் பெயரில் நான் மறைத்த கணக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பாப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார், எனக்குத்தான் மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

போன தடவை நீ வந்தபோது வீட்டு வரிக்கு என்று நீட்டிய தாள்களில் படிக்காமலே கையெழுத்துப் போட்டாயே, அதில் ஒன்று வங்கிப் படிவம். பாப்பாவின் படிப்புக்கு ஒரு சேமிப்புக் கணக்கு, காப்பாளர் நீ. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஓவர்டைம் பார்த்ததையெல்லாம் அதில்தான் போட்டேன். உன்னைக் கடன் வாங்கிப் படிக்க விட்ட உறுத்தல் எனக்கு. சொன்னால் "உங்க செலவுக்கு வெச்சுக்கோங்கம்மா" என்பாய், வாயைத் திறக்கவில்லை. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த நாட்டு வரிப் படிவம் நிரப்பும்போது நீ கூப்பிட்டு, "அங்க என் பேர்ல ஏதாவது கணக்கு இருக்காம்மா, இங்க காட்டணும்" என்று கேட்டாய். "உனக்கு ஏதுடா கணக்கு" என்று சிரித்து மழுப்பினேன். என்னை நம்பி நீயும் கணக்கு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தாய்.

மூன்று வாரம் முன்பு வங்கி மேலாளர் அம்மா, "பையன் வெளிநாட்டுல இருக்காருன்னு ஏன் சொல்லல, அந்த நாட்டு வரி ஆபீசுக்கு விவரம் போகுமே" என்றார்.  கணக்கை மூடிவிடுங்கள் என்று கெஞ்சினேன். "மூடிட்டா இருந்தது இல்லைன்னு ஆயிடுமா, அவங்க கேக்கறதுக்கு முன்னாடி அவரே சொல்றதுதான் நல்லது" என்றார். அதற்குப் பிறகும் நீ இரண்டு ஞாயிறு பேசினாய். அங்கேயே நிரந்தரமாகத் தங்க மனு போட்டிருப்பதைச் சந்தோஷமாகச் சொன்னாய். என் பொய்யால் அந்த மனுவும் கெட்டுப்போகுமோ என்று பயந்து, நான் இங்கே மழை என்று பேச்சை மாற்றினேன். பாவி நான்.

கணக்குத் தொடங்கிய நாள் முதல் உள்ள தாள்கள் எல்லாம் இதோடு இருக்கின்றன, உன் ஆடிட்டரிடம் உடனே காட்டு, தள்ளிப் போடாதே. ஏன் மறைத்தாய் என்று வரி ஆபீசில் கேட்டால் மறந்துவிட்டேன் என்று சொல்லி வைக்காதே. மகனுக்கு எதுவும் தெரியாது, அவன் கேட்டபோது நான்தான் பொய் சொன்னேன் என்று தனித் தாளில் எழுதியிருக்கிறேன். "எழுத்துல குடுத்து மாட்டிக்காத" என்று அப்பா தடுத்தார். மேலாளர் அம்மா முன்னாலேயே கையெழுத்துப் போட்டேன்.

நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் வாழ வேண்டும். கோபம் ஆறிய பிறகு கூப்பிட்டால் போதும்.

உன்னிடம் பொய் சொன்ன,
அம்மா