வேண்டுதல் நடை

எருத்தேன்பதி

அன்பு மகளே,

நீ அனுப்பிய பேஸ்டல் பெட்டியில் நீலம் தீர்ந்துவிட்டது. பச்சை பாதி இருக்கிறது. நான் வெளியில் உட்கார்ந்து படம் வரைவது அப்பாவுக்குப் பிடிக்காது அல்லவா? அதனால், கோடை முடியும்வரை தினமும் முருகன் கோயிலுக்கு நடந்து வருவதாக வேண்டுதல் என்று சொல்லிவிட்டு, வழியில் குளக்கரையில் அமர்ந்து கொல்லங்கோட்டு மலையை வரைந்துகொண்டிருந்தேன்.

போன வாரம் அவர், “வெயில்ல ஒத்தையில எதுக்குப் போற? நானும் வர்றேன்” என்று குடையோடு கிளம்பிவிட்டார். பூக்கூடையில் உன் பெட்டி இருந்த இடத்தில் இப்போது அவருடைய தண்ணீர் பாட்டில். சாமி பேரில் சொன்னதை நிறுத்தவும் பயமாக இருக்கிறது.

நேற்று அதே கரையில் நின்று, “மலை என்ன நெறம் பாரு! சித்த உக்காரலாமா?” என்றார்.

“பூசைக்கு நேரமாச்சுங்க” என்று நடந்துவிட்டேன்.

நீலம் இப்போதைக்கு வேண்டாம்.

உன் அம்மா