மூங்கில் தரையும் சாயங்காலக் காபியும்

டிசம்பர் 1, ஞாயிறு

இன்றும் மாமா கட்டிலை விட்டு இறங்கவில்லை. இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து தையலும் பிரித்தாயிற்று. "படுத்தே கெடந்தா நெஞ்சுல சளி கட்டிடும், அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்று டாக்டர் கத்தியும் ஆயிற்று. மாமா காலைத் தொங்கவிடுகிறார், ஹால் டைல்ஸைப் பார்க்கிறார், மறுபடி தூக்கிக்கொள்கிறார். குத்தாலத்து வரப்புகளில் அடைமழையிலும் வழுக்காமல் நடந்த சிவசாமி, தீபாவளிக்கு முந்தின நாள் அத்தை கழுவிவிட்ட ஹாலில் விழுந்தார். "சேத்துல விழுந்தா சேறு வாங்கிக்கும்மா. இது திருப்பி அடிக்குது" என்கிறார்.

பள்ளிக்கூடம், பெட்பேன், பரீட்சைப் பேப்பர். முடியலடா சாமி.

டிசம்பர் 4

கும்பகோணத்திலிருந்து தரை வேலை செய்யும் இப்ராஹிம் பாய் வந்தார். மூங்கில் பலகை காட்டினார். டைல்ஸை உடைக்க வேண்டாமாம், மேலேயே மெத்தென்று ஒரு ஷீட் விரித்துப் பலகைகளை ஒன்றோடொன்று பூட்டிவிடலாமாம். "மார்கழியிலயும் சில்லுனு இருக்காதும்மா. காலுக்கு லேசா அமுங்கிக் கொடுக்கும், வழுக்கலும் கம்மி. மூங்கிலு வெட்ட வெட்ட வளரும், காட்டு மரத்த அழிச்ச மாதிரி ஆகாது. ஒண்ணே ஒண்ணு, வாளித் தண்ணி ஊத்திக் கழுவிடாதீங்க. பிழிஞ்ச துணிதான்." மாமா பலகையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

பாய் படி இறங்கியதும் அத்தை வெடித்தார். "பாடை கட்டத்தானே மூங்கிலு! உசுரோட இருக்கிறவருக்கு நடு வீட்டுல விரிக்கப் போறியா?"

"ஏணியும் மூங்கில்தான், முறமும் மூங்கில்தான் அத்தை!" என்று நானும் கத்திவிட்டேன். கத்தியிருக்க வேண்டாம். இவரிடம் கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்றுவிட்டு, வயலில் தண்ணீர் வடியவில்லை என்று கிளம்பிவிட்டார். நல்ல புருஷன், நல்ல மகன்!

டிசம்பர் 8, ஞாயிறு

அத்தை முணுமுணுக்க முணுமுணுக்கத் தரை போட்டாயிற்று. தேன் நிறம். வெறுங்காலில் நடந்து பார்த்தேன் - வாரம் முழுக்க வகுப்பில் நின்ற குதிகாலுக்குச் சுகமாகத்தான் இருக்கிறது.

மாமா? காலைத் தொங்கவிட்டார், பார்த்தார், தூக்கிக்கொண்டார். அத்தை ஹாலுக்குள் கால் வைப்பதே இல்லை. வாசலுக்குப் போகக்கூடக் கொல்லை வழியாகச் சுற்றுகிறார். ஒருத்தர் இறங்க மாட்டார், இன்னொருத்தர் ஏற மாட்டார். நடுவில் தட்டும் டம்ளருமாக நான்.

டிசம்பர் 10

குளியலறையில் அழுதேன். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு.

டிசம்பர் 14

சாயங்காலக் காபியோடு அத்தை அடுப்படி வாசலில் நின்றார். வாங்கப் போனேன், தரவில்லை. "நீ ஒக்காரு. எவ்வளவுதான் நீயே சுமப்பே?" அங்கிருந்தே மாமாவைக் கூப்பிட்டார். "ஏங்க, காபி ஆறுது. நான் அதுல கால் வைக்க மாட்டேன். வேணும்னா வந்து வாங்கிக்குங்க."

"ஆறட்டும்," என்றார் மாமா.

ஆறியது. அத்தை அதைக் கொல்லையில் கொட்டிவிட்டார். நோயாளியிடம் இப்படியா வீம்பு? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

டிசம்பர் 15

இன்றும் கொட்டினார்.

டிசம்பர் 17

மாமா இறங்கினார்! வாக்கரை ஊன்றி, ஒரு பாதத்தை வைத்து, அழுத்திப் பார்த்து, "கொடுக்குதும்மா" என்றார். நான் கைகளை நீட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். அடுப்படி வாசலில் நின்றபடியே குடித்தார்.

"சக்கர கம்மி."

"நாளைக்குப் போடுறேன். வந்து குடிங்க."

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையாம். கேஸ் அடுப்பில் ஏது புகை?

ஜனவரி 12

மாமா காலையிலும் நடக்கிறார். அத்தைக்கு இன்னும் கொல்லை வழிதான். "பொங்கலுக்காவது ஹாலுக்கு வாங்க அத்தை" என்றேன். "அந்தப் பாடையில நான் ஏற மாட்டேன்." சரி, என்னவோ செய்யுங்கள். பிடிவாதத்தோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

ஜனவரி 24, வெள்ளி

தலைவலி. அரை நாள் லீவு போட்டு மத்தியானமே வந்தேன். என் சாவியால் கதவைத் திறந்தேன். கட்டிலில் மாமா குறட்டை. அதையொட்டி வெறும் மூங்கில் தரையில், பாய்கூட விரிக்காமல், கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிழிந்த துணி. நான் துடைக்காத நாளிலும் இந்தத் தரை எப்படிப் பளிச்சென்று இருக்கிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? மக்கு.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன். கடைத்தெருவில் டீ குடித்துவிட்டு வழக்கமான நேரத்துக்குத் திரும்பினேன்.

அத்தை அடுப்படி வாசலில் டம்ளரோடு நின்றார். "ஏங்க, வர்றீங்களா, கொட்டட்டுமா? நான் அதுல கால் வைக்க மாட்டேன், தெரியும்ல?"

"இந்தப் பிடிவாதக்காரிய நீயாவது கேளேம்மா" என்று மாமா முனகினார்.

"அவங்க வர மாட்டாங்க மாமா. நீங்கதான் போகணும்" என்று வாக்கரை எடுத்துக் கொடுத்தேன்.